ஏற்றத்தில் இழுக்காத வண்டி

கபுலான்
பிப்ரவரி 11, 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

செந்தா எழுதிக்கொள்வது. நானும் குழந்தை லிலிங்கும் நன்றாக இருக்கிறோம். செபுவில் நீங்களும் அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? லிலிங்குக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. பட்டறையில் மாமா ஊதுகிற பெரிய ஹாரனைக் கேட்க வேண்டுமாம்.

எழுதக் காரணம் அப்பா விட்டுப்போன லாரி. உங்கள் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்தீர்கள். இன்றைக்கும் எங்கள் சோறு அதில்தான். இப்போது அதற்கு இரண்டு கோளாறு. சோள மூட்டை ஏற்றிக்கொண்டு தாகிட் ஏற்றத்தில் போனால் இழுப்பதில்லை. கரும்புகை கக்குகிறது. இறக்கத்தில் வந்தாலோ, மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

போன வாரம் அப்படிக் கழன்று, வண்டி பாலத்துச் சுவரில் உரசி நின்றது. ஓட்டிவந்த என் வீட்டுக்காரர் நெஸ்தோர் இறங்கினார். சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்து, மூட்டை ஏற்றுகிற இஸ்கோவின் தோளில் ஓங்கி அடித்துவிட்டார். "ஒரு பக்கமா அடுக்கினா வண்டி இப்படித்தான்டா போகும்" என்றாராம். இஸ்கோவின் தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

லாரி வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்துகிறது என்று அவர் நினைக்கிறார். வண்டி நின்ற நாளில் இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. பதிலை மளிகைக்கடை தொனியா அக்கா பெயருக்குப் போடுங்கள்.

உங்கள் தங்கை
ரொசெந்தா


மந்தாவே, செபு
பிப்ரவரி 26, 1991

அன்புத் தங்கை செந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே குறையொன்றும் இல்லை. உன் அண்ணி முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டே, லிலிங்குக்கு இப்போது எந்த அளவு சட்டை என்று கேட்கச் சொல்கிறாள்.

வண்டி விஷயம். "இழுக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் எனக்குப் போதாது. ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறதா, முனகுகிறதா? இன்ஜின் கத்தியும் சக்கரம் நகராவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இன்ஜினே தொய்ந்து முனகினால் அதற்குக் காற்றோ டீசலோ சரியாகப் போகவில்லை. சமதரையில் நிறுத்து. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடு. அந்த நிமிடமே இன்ஜின் அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது.

அடுத்து கியர். கழல்வதற்கு முன் ராடு கையில் நடுங்குகிறதா, இல்லை சட்டென்று வந்துவிடுகிறதா? நடுங்கினால் பல் தேய்ந்திருக்கும், பெட்டியை இறக்க வேண்டும். சட்டென்று வந்தால் ராடை இருக்கும் இடத்தில் அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் செத்திருக்கும். அது சின்ன வேலை.

பார்த்ததை மட்டும் எழுது. என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெட்கப்பட்டு எதையாவது மறைப்பார்கள். அவர்கள் மறைத்த இடத்தில்தான் எனக்கு வேலை இருக்கும்.

இதை மாப்பிள்ளையே எழுதியிருக்கலாமே?

அன்புடன்
அனக்லேத்தோ


கபுலான்
மார்ச் 19, 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். லிலிங்குக்கு முழங்கால் வரை வருகிற சட்டையாக இருந்தால் இரண்டு வருஷம் போடுவாள்.

நெஸ்தோர் சேவற்கட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமையில் நீங்கள் சொன்னபடி செய்தேன். கிளட்சை விட்டதும் இன்ஜின் அணைந்துவிட்டது. அப்படியானால் கிளட்ச் நல்லதுதானே? ஏற்றத்தில் இன்ஜின் முனகத்தான் செய்கிறது. "அம்மா, லாரிக்கு இருமல் வந்துருச்சு" என்கிறாள் லிலிங். காற்று பில்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சோள உமி. தட்டி, கழுவி, காயவைத்துப் போட்டேன். புகை கொஞ்சம் குறைந்தது. கியர் ராடு நடுங்கவில்லை. சட்டென்றுதான் கழல்கிறது.

ஊரில் நிம்மதி இல்லை. இஸ்கோவின் தம்பி நியாயம் கேட்க வந்தான். நெஸ்தோர் அவனை எங்கள் முற்றத்திலேயே கீழே தள்ளி, முகத்தில் ரப்பர் பூட்சால் மிதித்தார். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. லிலிங் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னியுங்கள். இடது கையால் எழுதுகிறேன். லாரியை ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடி திருப்பி அடித்து வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது.

உங்கள் தங்கை
ரொசெந்தா


மந்தாவே
ஏப்ரல் 6, 1991

அன்புத் தங்கைக்கு,

நலமே. உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் வண்டி. கப்பலில் வருகிற ஆளிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும் இருக்கின்றன. கியர் பெட்டியின் மேல்மூடியில் பக்கவாட்டில் ஒரு தடித்த போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஸ்பிரிங் கையோடு வரும். குண்டை முதலில் போடு, ஸ்பிரிங்கை அதன்மேல் வை, போல்ட்டை இறுக்கு. சாமான் உள்ளே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்.

கிளட்ச் நல்லதுதான். பில்டரைக் கழுவிய பிறகும் இழுவை வரவில்லை என்றால் இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசில்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். அதற்கென்று தனி மேஜை வேண்டும். அது அங்கே கிடையாது.

இப்போது இன்னொன்று. அந்த லாரிக்குக் கைப்பிடி கிடையாது. அப்பா வாங்கின நாளிலிருந்து அது செல்ஃபில்தான் ஸ்டார்ட் ஆகிறது. கைப்பிடி சொருக ஓட்டை கூட இல்லை. நீ எழுதிய அந்த வரியை உன் அண்ணியிடமும் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உன் மணிக்கட்டு எப்படி ஒடிந்தது?

அனக்லேத்தோ


கபுலான்
மே 14, 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். சட்டை லிலிங்குக்கு அளவாக இருக்கிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.

ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டேன். ஒரு கைதான் உதவியது என்பதால் நேரமாயிற்று. மூன்றாவது கியர் இப்போது ஆணி அடித்தது மாதிரி நிற்கிறது. பாலத்து இறக்கத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன், கழலவே இல்லை. நெஸ்தோர் கள்ளுக்கடையில் எல்லோரிடமும், "பெட்டியில ஒரு உதை விட்டேன். அதுக்கப்புறம் வாலாட்டலை" என்று சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்.

இழுவைதான் வரவில்லை. தாகிட் ஏற்றத்தில் முதல் கியரில் நத்தை மாதிரி ஏறுகிறது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துக் கேலி செய்தானாம். நெஸ்தோர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய், பஸ்ஸின் முன்கண்ணாடியை ஜாக்கிக் கம்பியால் உடைத்திருக்கிறார். டிரைவருக்கு முகமெல்லாம் கண்ணாடிச் சில்லு. வீட்டுக்கு வந்தபோதும் கம்பி கையிலேயே இருந்தது.

கைப்பிடி வேறு வண்டியுடையது. அதை விடுங்கள். கை கூடிவிட்டது. என் முன்பல் இரண்டு போய்விட்டன. பில்டரைப் பார்க்கும்போது பானட் மேலே விழுந்துவிட்டது. என் கவனக்குறைவுதான்.

உங்கள் தங்கை
ரொசெந்தா


மந்தாவே
ஜூன் 1, 1991

செந்தா,

நலம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது.

பானட்டுக்குக் கீழே குனிந்து நின்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பானட் விழுந்தால் பிடரியில் விழும். முதுகில் விழும். வாயில் விழாது. பல்லைக் கொண்டுபோவது கை. அல்லது ஜாக்கிக் கம்பி.

நீ வர வேண்டும். லிலிங்கை ஏற்றிக்கொண்டு, உன் லாரியிலேயே வா. அது உன் பெயரில் இருக்கிறது. அவன் அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. நாசில் கெட்டிருந்தாலும் வெறும் வண்டியாகத் துறைமுகம் வந்து சேரும். வழியெல்லாம் இறக்கம்தான். தாகிட் ஏற்றம் ஒன்றுதான் இடைஞ்சல். சந்தை நாளில் அவன் சேவற்கட்டில் இருக்கும்போது கிளம்பு. கப்பலில் வண்டியை ஏற்ற நான் சொல்லிவைக்கிறேன்.

அது முடியாது என்றால் சொல், நான் அங்கே வருகிறேன். வந்தால் அவனோடு பேச மாட்டேன். அதனால்தான் நீ வருவது நல்லது என்கிறேன்.

உன் அண்ணன்


கபுலான்
ஜூன் 24, 1991

அண்ணா,

நீங்கள் வர வேண்டாம். புதிதாக ஒரு போலோ கத்தி வாங்கியிருக்கிறார். மூங்கில் வெட்ட என்று சொல்கிறார். தினமும் தீட்டி வாசல் கம்பத்தில் சொருகுகிறார். "உன் அண்ணன்காரன் வந்தா முதல்ல இதுதான் பேசும்" என்று லிலிங்கிடம் சொல்லி அனுப்பினார். நான் உங்களுக்கு எழுதுவது எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை.

நான் வருகிறேன்.

அண்ணியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்தா


மந்தாவே
ஜூலை 17, 1991

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. துறைமுகத்தில் லாரி இறங்கும் நேரத்தில் எல்லாம் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். உன் அண்ணி உனக்கும் சேர்த்து அரிசி போடுகிறாள். இரண்டு வரி எழுது.

அனக்லேத்தோ


நகரக் காவல் நிலையம்
ஜூலை 29, 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். லிலிங்குக்கு ஒன்றும் இல்லை. தொனியா அக்காவிடம் இருக்கிறாள். நெஸ்தோர் இறந்துவிட்டார்.

இங்கே சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். சந்தை நாள் மத்தியானம் கிளம்பினேன். மழை. தாகிட் ஏற்றத்து வளைவில், குறுக்குப் பாதையாக ஓடிவந்து முன்னால் நின்றார். சேவற்கட்டில் யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கையில் போலோ. என் பக்கத்துப் படியில் தாவி ஏறி, ஜன்னல் வழியாக வெட்டினார். கையில் மூன்று இடத்தில் வெட்டு. அப்போது மூன்றாவது கியர் கழன்றுவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. அவர் சறுக்கிச் சக்கரத்துக்குக் கீழே போய்விட்டார். உடனே உயிர் போகவில்லை. கத்திக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் நான் இறங்கினேன்.

வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். லிலிங்கைத் தொனியா அக்கா வீட்டில் விட்டிருந்தேன். அவளை இதில் யாரும் இழுக்கக் கூடாது.

கியர் கழல்கிற வண்டி என்று நீங்கள் வந்து சொன்னால் நம்புவார்கள். பிப்ரவரியிலேயே நான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

சாப்பாடு பரவாயில்லை. கருவாடும் சோளச் சோறும் தருகிறார்கள். என்னைப் பற்றி அண்ணி அழ வேண்டாம்.

ரொசெந்தா


சந்தைத் தெரு விடுதி
ஆகஸ்ட் 9, 1991

அன்புத் தங்கைக்கு,

நேற்றுக் கம்பிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தேன். நடுவில் இரண்டு காவலர்கள் நின்றதால் "சாப்பிட்டியாம்மா?" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. நீ தலையை மட்டும் ஆட்டினாய். அதனால் எழுதுகிறேன். உனக்குக் கோபம் வரும். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

இன்று காலை காவல் நிலையக் கொட்டகையில் லாரியைப் பார்த்தோம். சார்ஜென்ட் ஒபிலோ, அரசு வக்கீல் அனுப்பிய ஓர் இளைஞர், நான். "மெக்கானிக்கு, உன் தங்கச்சி சொல்ற மாதிரி அந்த கியர் கழலுமா?" என்று சார்ஜென்ட் கேட்டார். மேல்மூடி போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். ஸ்பிரிங் வெளியே வந்தது. நான் அனுப்பியதுதான். நிமிர்ந்து, பலமாக, கொஞ்சமும் சோராமல் இருந்தது. கையை மூடிக்கொண்டு "ஆமா சார், செத்துப்போன ஸ்பிரிங்" என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. வாய் வரை வந்துவிட்டது.

அப்போதுதான் வண்டிக்குள் நிமிர்ந்து பார்த்தேன்.

உன் பக்கத்துப் படியில் ஏறினான் என்று எழுதியிருந்தாய். ஸ்டியரிங் இடது பக்கம், உன் கதவும் அங்கேதான். அதில் ஒரு கீறல் கூட இல்லை. வெட்டெல்லாம் வலது பக்கத்துக் கதவில் இருக்கிறது. ஜன்னல் விளிம்புத் தகடு வெட்டுப்பட்டு மடிந்திருக்கிறது. அந்தப் பக்கத்து இருக்கையின் சாய்வில் பஞ்சு வெளியே வரும் அளவுக்கு வெட்டு. பெரியவர்கள் உட்கார்ந்தால் முதுகு வரும் இடம் அது. ஒரு குழந்தை உட்கார்ந்தால் தலை வரும். உன் வெட்டும் வலது கையில்தான். டாஷ்போர்டுக்கு அடியில், என் தலையே நுழையாத மூலையில், தகட்டில் காய்ந்த ரத்தத்தில் ஒரு சின்னக் கை பதிந்திருந்தது.

நான் கீழே இறங்கி, ஸ்பிரிங்கைச் சார்ஜென்ட் கையில் வைத்தேன். பிறகு சொன்னேன்.

"கழலலை சார். இந்த ஸ்பிரிங்கை அனுப்பினதே நான்தான். நல்லாதான் இருக்கு. வண்டி தானா உருளலை. என் தங்கச்சி ரிவர்ஸ் போட்டிருக்கா."

வக்கீலின் ஆள் பேனாவை எடுத்தார்.

"அதை எழுதுங்க. எழுதிட்டு இங்க ஏறி வந்து பாருங்க."

அந்த இளைஞர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து டார்ச்சைச் சார்ஜென்டிடம் நீட்டினார்.

"பொண்ணு வண்டியிலயா இருந்துச்சு?" என்றார் சார்ஜென்ட். "உன் தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லலியேய்யா."

"சரி, அவன் கீழ விழுந்தப்புறம் நேரா ஓட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்று அந்த இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. வாருங்கள் என்று லாரியைத் தாகிட் ஏற்றத்துக்கே ஓட்டிப் போனேன். மூட்டை எதுவும் இல்லை, வெறும் வண்டி. அதே வளைவில் நிறுத்தி, முதல் கியரில் முழுசாக மிதித்தேன். கரும்புகைதான் வந்தது. சார்ஜென்ட் தொப்பை பெருத்த ஆள். மழைச் சேற்றில் செருப்போடு நடந்தே என்னைத் தாண்டிப் போனார். மேலே போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"போதும், நிறுத்துய்யா. புரிஞ்சுது" என்றார்.

நாசில் நாலும் செத்திருக்கிறது. அது தெரிந்தும் இந்த வண்டியில் வா என்று எழுதியவன் நான். அந்த ஏற்றம் ஒன்றுதான் இடைஞ்சல் என்று, ஏதோ சாலைப் பள்ளத்தைச் சொல்வது மாதிரி எழுதினேன்.

இனி லிலிங்கைக் கேட்பார்கள். அவளை என் மடியில் வைத்துக்கொள்வேன். அவள் பேசாவிட்டால் வற்புறுத்த விட மாட்டேன்.

உன் அண்ணன்
அனக்லேத்தோ


நகரக் காவல் நிலையம்
ஆகஸ்ட் 21, 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காயம் ஆறுகிறது. இரண்டு விரல் மட்டும் மடங்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கி வைத்தேன். தாகிட் ஏற்றத்து நாளிலிருந்து அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். காவலர்கள் நடுவில் உட்காரவைத்து, அப்பா என்ன செய்தார், அம்மா என்ன செய்தாள் என்று கேட்டால் அவள் என்ன ஆவாள்? அதற்குத்தான் நான் அப்படிச் சொன்னேன். நான் எத்தனை வருஷம் உள்ளே இருந்தாலும் சரி என்று நினைத்தேன்.

நேற்று சார்ஜென்ட் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தார். "உன் பொண்ணு பேசிடுச்சும்மா" என்றார். உங்கள் மடியில் இருந்துகொண்டு, யாரும் கேட்காமல் அவளே சொன்னாளாம். "அப்பா என் தலையை வெட்ட வந்தாரு. அம்மா கையைக் குறுக்க வச்சாங்க. நான் கீழ போயிட்டேன்." சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தாளாம்.

மிச்சத்தை நான் அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். லிலிங் உட்கார்ந்திருந்த பக்கம் அவன் தாவி ஏறினான். "இவளை விட்டுட்டு நீ மட்டும் போடி" என்றான். வெட்டினான். நான் பிரேக்கை மிதித்ததும் பிடி நழுவிக் கீழே விழுந்தான். மறுபடி முதல் கியர் போட்டேன். வண்டி நகர்ந்தது, ஆனால் நகர்ந்த மாதிரியே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். எழுந்து, சேற்றில் கத்தியைத் தேடி எடுத்தான். ஓடக்கூட இல்லை அண்ணா. நடந்துதான் வந்தான். "எங்கடி போயிடுவே? நடந்தே வந்து பிடிப்பேன்" என்று சிரித்தான். அவன் சொன்னது உண்மை. லிலிங் கீழே இருந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரிவர்ஸ் போட்டேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் விட்டேன். ஒரு தடவை போதாது என்று தோன்றியது. அதையும் சார்ஜென்டிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார்.

இன்று அரசு வக்கீல் வந்தார். வழக்கு போடவில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார். நாளைக் காலை என்னை விடுகிறார்கள். லாரிச் சாவியை உங்களிடம் கொடுப்பார்கள்.

நெஸ்தோரின் அண்ணன் தம்பிகள் சந்தை முனையில் மூன்று நாளாக நிற்கிறார்களாம். கையில் கத்தி இருக்கிறதாம். பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறார்களாம். சார்ஜென்ட் ஊர் எல்லை வரை ஜீப்பில் கூடவே வருவதாகச் சொல்கிறார். அதற்கு அப்பால் நாம்தான்.

நாளை வரைக்கும் நேரம் இருக்கிறது. நாசில் நாலையும் இன்றைக்கே கழற்றுங்கள். பஸ் கம்பெனிப் பட்டறையில் சோதிக்கும் மேஜை இருக்கிறது என்று சார்ஜென்ட் சொன்னார். கேட்டால் தருவார்களாம். பஸ் கண்ணாடியை உடைத்தவன் பெண்டாட்டியின் வண்டி என்று அங்கே தெரிந்தாலும் கேளுங்கள். டீசலை வடிகட்டி ஊற்றுங்கள். பொழுது விடிந்ததும் வண்டியை இங்கே வாசலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை அணைக்காமல் நிறுத்துங்கள்.

நீங்கள் லிலிங்கை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். நான் ஓட்டுகிறேன்.

உங்கள் தங்கை
ரொசெந்தா